அதன்மேல் நிற்கும் யாவும்

புதுக்கடையில், மரியநாயகம் நொத்தாரிசின் கந்தோரில்
பத்தொன்பது வருடமாகக் காணி உறுதி அடிக்கிறேன்.
சிங்களத்தில் வந்தால் சிங்களத்தில்,
ஆங்கிலத்தில் வந்தால் ஆங்கிலத்தில்.
நாற்புற எல்லையை மட்டும்
வாய்க்குள் தமிழில் சொல்லிப் பார்ப்பேன்,
பிழை விட்டால் அங்கேதான் விடுவேன் என்பதால்.

வடக்கே: கும்புக் மரம் நிற்கும் வாய்க்கால்.
கிழக்கே: ஹேந்திரிக் அப்புஹாமியின் கங்குங் பாத்தி.
தெற்கே: எருமை இறங்கும் வழி.
மேற்கே: தண்ணீர்.

வெறும் தண்ணீர் என்றுதான் இருந்தது
ஆயிரத்துத் தொளாயிரத்து முப்பத்தொன்றின் உறுதியில்.
கொலன்னாவைக்கு அப்பால் எங்கேயோ
சப்பாத்தைக் கழற்றிக் கையில் பிடித்தபடி
சங்கிலி இழுத்திருக்கிறார் ஒரு நில அளவையாளர்.
வரைபடத்தின் மூலையில் இன்னும் இருக்கிறது
பழுப்பாய் ஒரு பெருவிரல்.

அடுத்த உறுதியில் எருமை இல்லை.
அதற்கடுத்ததில் வாய்க்கால் 'கான்' ஆனது.
பிறகு ஒரே சொல்: நிரவிய காணி.
இப்போது
வடக்கே நாலாம் துண்டு, கிழக்கே ஐந்தாம் துண்டு,
தெற்கே இருபதடிப் பாதை,
மேற்கே பன்னிரண்டாம் துண்டு.

ஒரு பேர்ச்சுக்கு நாலு லோட் போகும் என்றார்
சாட்சிக் கையெழுத்துக்கு வந்த டிப்பர்காரர் ஜுனைதீன்.
முதலில் கபுக் மண்தான் கொட்டினார்களாம்.
மண் விலை ஏறியதும்
கொம்பனித்தெருவில் இடித்த வீடுகள்.
நீலச் சுவர், பச்சைச் சுவர், உடைந்த கக்கூசுக் கிண்ணம்,
உயரம் குறித்த பென்சில் கோடுகளோடு ஒரு கதவு நிலை.
"அரைவாசித் தெருவை நான்தான் கொண்டுபோய்க் கொட்டினன்.
எங்கட குசினியும் அதுக்குள்ளதான்."
சொல்லிவிட்டுப் பேனாவை மூடாமல் தந்தார்.
பின்னேரம் வரை என் விரலில் மை.

எல்லா உறுதியிலும் கடைசியில் ஒரு வரி வரும்:
'மரமும் பயிரும் அதன்மேல் நிற்கும் யாவும்.'
அதை விற்கிறவர் விற்பார், வாங்குகிறவர் வாங்குவார்.
கண்ணை மூடிக்கொண்டே அடிப்பேன்.
ஒற்றைக்காலில் நின்ற கொக்கை
எத்தனை தரம் விற்றுக்கொடுத்தேனோ.

வெல்லம்பிட்டியில் ஆறு பேர்ச் நானும் வாங்கினேன்.
என் உறுதியை நானே அடித்தேன்.
நொத்தாரிசு ஐயா கூலி எடுக்கவில்லை.
பழைய உறுதிகளை எடுத்துப் பார்க்கவும் இல்லை,
நான் பார்க்கவில்லை.
பார்த்திருந்தால் வாங்கியிருக்க முடியாது,
வாடகை வீட்டுக்காரி மார்கழியோடு எழும்பச் சொல்லியிருந்தாள்.

வைகாசியில் மூன்று நாள் மழை.
கங்கை வாசலால் வரும் என்று
வாசலில் மணல் மூட்டை அடுக்கினோம்.
அது குளியலறைக் குழியால் வந்தது.
சத்தமில்லாமல்,
சொந்த வீட்டுக்குள் இரவில் எழும்பி நடக்கிற ஆள்போல.
ஃபிரிட்ஜ் மெல்லச் சரிந்து மிதந்தது.
அரிசி வாளியை அலுமாரிக்கு மேலே ஏற்றினேன்,
பொலித்தீனில் சுற்றிய உறுதி அதற்குள்.

மொட்டைமாடிப் படியில் ஒரு கபரகொய்யா.
நாலாம் படியில் அது, ஏழாம் படியில் நாங்கள்.
மகன் துடைப்பத்தை ஓங்கினான். அது நகரவில்லை.
நாக்கை ஒருமுறை நீட்டி
எங்களை மணந்து பார்த்துவிட்டு
தலையைச் சீமெந்தில் வைத்துக்கொண்டது.
விடியும் வரை இரண்டு பக்கமும் தூங்கவில்லை.

பதினோராம் நாள் கந்தோருக்குப் போனேன்.
செருப்பிடுக்கில் சேறு காய்ந்திருந்தது.
மேசையில் புதுக் கோப்பு, பத்து பேர்ச்,
அதே தோட்டம், முப்பத்தொராம் துண்டு.
வாங்க வந்த பெண் கைக்குழந்தையோடு இருந்தாள்,
வளையல் அடகு வைத்த சீட்டும்
காசோலையோடு சேர்ந்து வந்துவிட்டது.
எல்லைகளை அடித்தேன்.
நிற்கும் யாவும் என்றும் அடித்தேன்.
ஒரு பிழையும் இல்லை.

முத்திரை ஒட்டும்போது மெதுவாகக் கேட்டாள்:
"அந்தப் பக்கம் தண்ணி எல்லாம் வருமோ, மிஸ்?"

வரும் என்றேன்.